எதிர்வீட்டுத் தம்பியும் பதிப்பு 2 கையேடும்

சுங்கை சிப்புட்டில் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த குடும்பம். ஒரு ராத்திரி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டான்: "அக்கா, கையேட்டுல இருக்கிற மாதிரியேதான் செஞ்சேன், பிழை பிழைன்னே வருது." அவன் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் சேர்ந்து பராமரிக்கும் திறமூல நிரலின் (யாரும் மூலத்தைப் பார்த்து மாற்றக்கூடிய நிரல்) கையேடு அது. ஆனால் பதிப்பு 2. இப்போது புழக்கத்தில் இருப்பது 5. கூகளில் தேடி, முதலில் வந்ததைத் திறந்திருக்கிறான். அவன் மேல் என்ன தப்பு?

பல வருடமாக மற்ற தளங்கள் இணைப்புக் கொடுத்தது பழைய பக்கங்களுக்குத்தான். அதனால் அவை முன்னால் நிற்கின்றன. அழித்துவிடலாமே என்றார் குழுவில் ஒருவர். எனக்கு மனம் வரவில்லை. பழைய கணினியில் இன்னும் பதிப்பு 2 ஓட்டுகிறவர்கள் எங்கே போவார்கள்?

எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt), அவசரத்தில் நான் பழைய பதிப்புகளுக்குப் போகும் வழியை அடைத்தேன். அது தவறு. அந்தக் கோப்பு தேடுபொறியைப் பக்கத்தைப் படிக்க விடாது, அவ்வளவுதான்; வேறு தளங்களில் இணைப்பு இருந்தால் முகவரி பட்டியலில் வரத்தான் செய்யும். எங்கள் பழைய பக்கங்கள் விவரமே இல்லாமல் வெறும் தலைப்போடு வந்து நின்றன. பக்கத்தைப் படிக்க முடியாததால் உள்ளே நாம் எழுதும் குறிப்பும் தேடுபொறியின் கண்ணில் படாது. அடைப்பை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் கேனானிகல் இணைப்புக்கு வந்தோம். கூகள், யாகூ, மைக்ரோசாப்ட் மூன்றும் 2009-இல் சேர்ந்து அறிவித்தது அது. ஒரே மாதிரியான பல பக்கங்களில் எது முதன்மை என்று பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரியில் சொல்வது. அதற்கு முன், எப்போதும் புதிய பதிப்பையே காட்டும் மாறாத முகவரி ஒன்று வேண்டும். பதிப்பு எண் உள்ள முகவரியைச் சுட்டினால் அடுத்த வெளியீட்டில் எல்லாம் மறுபடி பழையதாகிவிடும். நாங்கள் ஸ்பிங்க்ஸ் (Sphinx) என்ற கருவியில் கையேடு தயாரிக்கிறோம். அமைப்புக் கோப்பில் அடிப்படை முகவரியைக் கொடுத்தால் அந்த வரியை அதுவே எழுதிக்கொள்ளும்.

ஏற்கெனவே தயாரான பழைய பக்கங்களில்தான் வேலை அதிகம். அந்த வரியைச் சேர்க்கச் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். பெயர் மாறிய பக்கங்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சுலபம்தான், ஆனால் நிறுவும் முறையைத் தேடி வந்தவரை முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் மறுபடி தேட வேண்டும். புதிய பதிப்பில் இல்லாத வசதிகளின் பக்கங்களை அப்படியே விட்டோம். பழைய பக்கங்களின் மேலே மஞ்சள் பட்டை ஒன்றும் வைத்தோம். அதைத் தட்டினால் அதே தலைப்பின் புதிய பக்கம் திறக்கும். தேடுபொறிக்குக் கொடுக்கும் பக்கப் பட்டியலான தளவரைபடத்தில் புதிய முகவரிகள் மட்டும்.

கேனானிகல் வெறும் குறிப்புதான், கட்டளை அல்ல. கூகள் எதை ஏற்றது என்று, தளம் நடத்துகிறவர்களுக்கு அது தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் பார்க்கலாம். நாம் சொன்ன முகவரி, அது தேர்ந்தெடுத்த முகவரி இரண்டும் அங்கே தெரியும். வாரக்கணக்கில் பொறுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றாக மாறின. நிறுவும் பக்கம் மாறிய அன்று தம்பியை மறுபடி தேடிப் பார்க்கச் சொன்னேன். பதிப்பு 5 முதலில் வந்தது. தரவுத்தள அமைப்புப் பக்கம் மட்டும் இன்னும் பழையதிலேயே நிற்கிறது. இரண்டு பதிப்பிலும் உள்ளடக்கம் ரொம்பவே வேறு. அதை இந்த வாரம் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.