ராணிப்பேட்டையிலிருந்து கடலுக்குப் போன மீன் கூண்டு

எங்கள் பட்டறை ராணிப்பேட்டை சிப்காட்டில் இருக்கிறது. பெல் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊர் என்பதால் டக்ட், டேம்பர், பிளாட்ஃபார்ம் என்று இரும்பில் எது கேட்டாலும் செய்ய ஆள் உண்டு. மண்டபம் பக்கத்து மீனவர் குழு ஒன்று கடலில் கோபியா என்ற மீனை வளர்க்க மிதவைக் கூண்டு செய்து தரக் கேட்டு வந்தபோது எங்கள் ஃபிட்டர் சிரித்துவிட்டார். "இன்னா முதலாளி, பாலாத்துலயே தண்ணியக் காணோம், நம்மளுக்குக் கடல் வேலையா?"

இந்தியாவில் இது அப்படியொன்றும் பழைய தொழில் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் விசாகப்பட்டினத்தில் திறந்த கடல் கூண்டை முயன்று பார்த்தது. மண்டபத்தில் 2010இல் கோபியா குஞ்சு பொரிக்க வைத்த பிறகுதான் நம் பக்கம் வேகம் பிடித்தது. பிளாஸ்டிக் பைப் கூண்டு அலைக்கு வளைந்து கொடுக்கும், விலை அதிகம். குழு கேட்டது ஜிஐ பைப், அதாவது துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்புக் குழாய்க் கூண்டு: 6 மீட்டர் விட்டத்தில் வளையம், தாங்க 200 லிட்டர் பீப்பாய்கள், கீழே வலையை இழுத்துப் பிடிக்க எடை வளையம், கடலடியில் கட்டி நிறுத்தச் சங்கிலி.

குழுவோடு ஒரு பொறியாளர் வந்திருந்தார். துறைமுக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் பணம் வராது என்பது ஏற்பாடு. நான் பைப் கனத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். "பைப் தாங்கும். இணைப்பைப் பற்றிச் சொல்லுங்க." அந்த வேலை முழுக்க அவர் கேட்டது அதுதான். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யாராவது கூண்டு விலை கேட்டால் நானும் இணைப்பிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறேன்.

பைப் விஷயம் சீக்கிரம் முடிந்தது. 40 மில்லிமீட்டர் சி கிளாஸ் என்கிற கனமான ரகம், சுவர்க் கனம் 4 மில்லிமீட்டர். பி கிளாஸ் என்றால் 3.2தான். விலையில் ஆசைப்பட வேண்டாம் என்று எல்லோருமே ஒத்துக்கொண்டோம்.

சிக்கல் நாகப் பூச்சில், அதாவது அந்தத் துத்தநாகத்தில் தொடங்கியது. கடையில் வாங்கும் ஜிஐ பைப்பை வளைத்து வெல்டிங் செய்தால் பற்ற வைத்த இடத்தில் நாகம் எரிந்து போகும். மேலே வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது போதும். கூண்டின் வளையமோ எப்போதும் நனைந்து காய்ந்துகொண்டே இருக்கும் நீர்மட்டத்தில் கிடக்கிறது. இரும்பு மிக வேகமாக அரிக்கும் இடம் அதுதான். அதனால் பூச்சு இல்லாத கறுப்புப் பைப்பில் எல்லா வெல்டிங்கையும் முடித்துவிட்டு, பிறகு முழுசாக நாகத்தில் முக்குவது என்று முடிவானது.

முக்கும் தொட்டியில் 6 மீட்டர் வளையம் இறங்காது. எனவே துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்க வேண்டும். துண்டு கூடினால் இணைப்பும் கூடும், இணைப்பு கூடினால் சார் கேள்வியும் கூடும். இன்னொன்று, இரு முனையும் அடைத்த பைப்பை 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் நாகத்தில் இறக்கினால் உள்ளே மாட்டிய ஈரம் நீராவியாகி வெடிக்கும். அங்கே நிற்கிற ஆட்களின் உயிர்ப் பிரச்சினை இது. ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனையிலும் துளை போட்டோம். "ஓட்டை போட்டா தண்ணி புகுமே?" என்று குழுவில் ஒருவர் பதறினார். மிதக்க வைப்பது பீப்பாய், பைப் இல்லை என்று சார் விளக்கினார். துளை இருப்பதால் பைப்பின் உட்புறத்துக்கும் நாகம் ஏறும்.

முக்கி வந்த துண்டுகள் சூட்டில் லேசாகக் கோணும் என்பது தெரிந்ததுதான். பட்டறைத் தரையில் அளவு பிசகாமல் பிடித்து வைக்கும் ஒரு ஜிக் போட்டு மொத்த வளையத்தையும் ஒருமுறை கோத்துப் பார்த்தோம். போல்ட் துளைகளை முன்பே 2 மில்லிமீட்டர் தாராளமாக விட்டிருந்ததால் தப்பித்தோம். பூச்சுக் கனத்தைச் சார் மீட்டர் வைத்து இடம் இடமாகப் பார்த்தார். இந்தக் கனத்துப் பைப்புக்குச் சராசரி 70 மைக்ரானாவது வேண்டும். நன்றாகவே வந்திருந்தது.

பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாம் என்று நான் சொன்னதை உடனே மறுத்தார். உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் நாகம் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். போல்ட் புதுசாக இருக்கும், அதைச் சுற்றி வளையம் அரித்துப் போகும். போல்ட்டும் நாகம் முக்கியதாகவே வந்தது.

வெல்டிங் சோதனையில்தான் எங்கள் ஆட்களுக்கு ரோசம் வந்தது. பாய்லர் வேலைக்கு டெஸ்ட் பாஸ் செய்த கைகள் அவை. ஆனால் முக்குவதற்கு முன்பு சாயம் தடவி விரிசல் பார்க்கும் டிபி டெஸ்டில், சங்கிலி மாட்டும் லக்குகளின் (துளை போட்ட காதுத் தகடுகளின்) வெல்டிங் ஓரத்தில் மெல்லிய அண்டர்கட், அதாவது சிறு பள்ளம் தெரிந்தது. டக்ட் வேலையில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவு. சார் ஒரு கணக்குப் போட்டார். 6 விநாடிக்கு ஓர் அலை என்றால் ஒரு வருடத்தில் 50 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு அலையும் அந்தப் பள்ளத்தை இழுத்து விடுகிறது. இரும்பு ஒரே இழுப்பில் அறுவதில்லை, இப்படித்தான் மெல்ல விரிசல் விடும். கிரைண்டிங் செய்து, திரும்பப் பற்ற வைத்து, ஓரத்தை வழுவழுப்பாக இழைத்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பிறகு இழுவைச் சோதனை. லக்கில் சங்கிலி மாட்டி, செயின் பிளாக்கால் இழுத்து, நடுவில் கிரேன் தராசு தொங்கவிட்டோம். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது கூண்டு நிற்கப் போகும் இடத்தின் நீரோட்டத்தையும் அலையையும் பொறுத்தது. நார்வேயில் இதற்கென்றே 2003 முதல் என்எஸ் 9415 என்று ஒரு தரநிலை இருக்கிறது. 50 வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய அலைக்கும் நீரோட்டத்துக்கும் கூண்டு நிற்க வேண்டும். நம் சின்னக் கூண்டுக்கு அதை அப்படியே போட்டால் விலை கட்டாது. ஆனால் முதலில் இடத்தை அள, பிறகு நங்கூரம், அதற்குப் பிறகுதான் கூண்டு என்கிற வரிசையை எடுத்துக்கொள்ளலாம் என்பது சார் கருத்து. சரிதான். நாங்கள் மட்டும் கூண்டிலிருந்து தொடங்குகிறோம்.

நீரோட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் வலை மீதான இழுப்பு நாலு மடங்காகும். வலையில் கொட்டலசு என்கிற ஓட்டுயிரியும் சிப்பியும் ஒட்டி வலைக் கண்கள் அடைத்துக்கொண்டால் இழுப்பு இன்னும் ஏறும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சால்மன் பண்ணை அப்படியே சரிந்து லட்சக்கணக்கான மீன்கள் தப்பின. வலையைச் சுத்தம் செய்யாமல் சிப்பி மண்டியதே முக்கியக் காரணம் என்று மாநில விசாரணை சொன்னது.

கூண்டை லாரியில் ஏற்றி மண்டபத்தில் இறக்கிக் கோத்தோம். நங்கூரத்துக்குக் கம்பிவலைப் பெட்டிகளில் கருங்கல். 3 டன் கல் தண்ணீருக்குள் போனால் சுமார் 1.9 டன்தான் நிற்கும், அதை வைத்துத்தான் கணக்கு. சங்கிலியைக் கடலாழத்தைவிடப் பல மடங்கு நீளமாக விட்டார்கள். இழுப்பு படுக்கையாக வந்தால்தான் கல் பெட்டி எழும்பாது.

அங்கே குழுவின் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன், சங்கிலியை லக்கில் பூட்டும் ஷேக்கிள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதைத் தண்ணிக்குள்ள முங்கி எந்த ஸ்பானர்ல கழட்டுவேன்?" நாங்கள் மூன்று அளவில் போல்ட் போட்டிருந்தோம். பட்டறையில் அது ஒரு விஷயமே இல்லை. அலையில் ஆடும் வல்லத்தில் குனிந்து நிற்பவருக்கு அதுதான் விஷயம். சார் சிரித்துக்கொண்டே, "இதை நான் கேட்டிருக்கணும்" என்றார். அடுத்த கூண்டுகளுக்கு ஒரே அளவு போல்ட், துண்டுகளில் எண் பஞ்ச், ஷேக்கிள் ஊசி கழலாமல் இருக்கக் கம்பிக் கட்டு என்று வரைபடமே மாறிவிட்டது.

வடகிழக்குப் பருவத்தில் பாக் கடல் கொந்தளிக்கும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியதை அங்கே யாரும் மறக்கவில்லை. குழு பருவம் தொடங்கும் முன்பே மீனைப் பிடித்து, வலையைக் கழற்றிக் கூண்டைக் கரையேற்றிவிட்டது. எந்தச் சான்றிதழைவிடவும் இந்த முடிவுதான் கூண்டை அதிகம் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம்.

கரையில் கிடந்த கூண்டைப் பார்க்கப் போனபோது வெல்டிங் எல்லாம் நன்றாகவே இருந்தது. லக்கின் துளை மட்டும் ஷேக்கிள் உரசி முட்டை வடிவமாகியிருந்தது. அடுத்ததில் துளைக்குள் தேய்ந்தால் மாற்றக்கூடிய புஷ் (உள் வளையம்) ஒன்று போடலாம் என்கிறார் சார். அண்ணனுக்கு இஷ்டமில்லை. "கழலுற சாமான் இன்னொண்ணா? தகட்டையே கனமாப் போடு தம்பி." இரண்டு விதத்திலும் லக் வெட்டி வைத்திருக்கிறேன். ஒரே கூண்டில் எதிரெதிர் பக்கம் மாட்டி அனுப்புவதாகப் பேச்சு.