வாய்க்கால் பாலச் சந்திப்பை நெட்எடிட்டில் திருத்தும்போது

வாய்க்காலின் இரு கரையிலும் சாலை, நடுவில் குறுகலான பாலம். கும்பகோணம் பக்கம் எங்கும் பார்க்கலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து, போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சுமோ மென்பொருளுக்கு மாற்றும்போது சந்திப்புகளை இணைக்கும் வசதியைப் போட்டால், இயல்பாகவே 10 மீட்டருக்குள் இருப்பவை ஒன்றாகிவிடும். பாலமே காணாமல் போகும். அதன்மேல் நிற்க வேண்டிய வண்டி வரிசையும் போச்சு. இங்கே இணைக்கவே கூடாது. மாற்றும்போதே இடப்பக்கப் போக்குவரத்தையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

பிறகு, சுமோவில் சாலை வரைபடத்தைத் திருத்தும் கருவியான நெட்எடிட்டில் சந்திப்பின் மேல் வலது கிளிக் செய்து, வடிவத் திருத்தத்தைத் திறந்து, மூலைப் புள்ளிகளைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தொடங்கும் இடம்வரை இழுத்து என்டர் தட்டுங்கள். எஸ்கேப் தட்டினால் செய்தது போய்விடும். எஃப்5 அழுத்தி மறுபடி கணக்கிட வையுங்கள். திரும்பும் வளைவு மட்டும்தான் இடுக்காக இருக்கிறதென்றால் வடிவத்தைத் தொடாதீர்கள். இயல்பாக 4 மீட்டராக இருக்கும் சந்திப்பின் ஆரத்தைக் கூட்டினாலே போதும்.