மாங்கூழ் ஆலைக்கு மதிப்பெண் போடும் டி.இ.ஏ. கணக்கு

சீசன் முடிந்ததும் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் எழும் முதல் கேள்வி, ஒரு டன் கூழுக்கு எத்தனை டன் காய் போனது என்பதுதான். அதை மட்டும் பார்த்து ஆலையை எடைபோட முடியாது. காயை மிச்சம் பிடித்த ஆலை ஆள்கூலியில் அதைவிட அதிகமாக விட்டிருக்கலாம்.

பல செலவினங்களைச் சேர்த்துப் பார்க்க ஒரு வழி உண்டு. 1957-ல் பொருளியலாளர் ஃபாரல் அடித்தளம் போட்டார். 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் அதை லீனியர் புரோகிராமிங் (நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் முறை) கணக்காக்கினார்கள். பெயர் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், சுருக்கமாக டி.இ.ஏ.

எடுத்துக்காட்டாக மூன்று ஆலைகளை வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. 100 டன் கூழுக்கு 'அ' ஆலை 180 டன் காயும் 600 ஆள்நாளும் எடுக்கிறது. 'ஆ' 220 டன், 300 ஆள்நாள். 'இ' 210 டன், 525 ஆள்நாள். 'இ'-யை மற்ற இரண்டில் எதுவும் தனியாக இரண்டு செலவிலும் வெல்லவில்லை. ஆனால் 'அ' ஐந்து பங்கு, 'ஆ' மூன்று பங்கு என்று கலந்தால் அதே 100 டன் கூழ் 195 டன் காயிலும் 487.5 ஆள்நாளிலும் வந்துவிடுகிறது. 195-ஐ 210-ஆல் வகுத்தால் 0.929, 487.5-ஐ 525-ஆல் வகுத்தாலும் அதேதான். 'இ'-யின் மதிப்பெண் அது. மற்ற இரண்டும் 1.

இதைப் போட எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியே போதும். மாறிகள்: ஆலைக்கு ஒரு லாம்டா, அதாவது கலவையில் அதன் பங்கு; கூடவே தீட்டா, அதாவது மதிப்பெண். தீட்டாவைக் குறைக்கச் சொல்லுங்கள். நிபந்தனைகள்: லாம்டாவால் பெருக்கிக் கூட்டிய காய், 'இ'-யின் காயைத் தீட்டாவால் பெருக்கியதைத் தாண்டக்கூடாது, ஆள்நாளுக்கும் அப்படியே, கூட்டிய கூழ் 'இ'-யின் கூழுக்குக் குறையக்கூடாது. மாறிகள் எதுவும் பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது. சால்வரில் தேர்ந்தெடுக்க வேண்டிய முறை சிம்ப்ளெக்ஸ் எல்.பி. விடை பூஜ்யம் வந்தால் கூழ் நிபந்தனை விடுபட்டிருக்கும். 1-ஐத் தாண்டினால் அந்த ஆலையையே பட்டியலில் சேர்க்க மறந்திருப்பீர்கள். ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

1 வந்துவிட்டால் வீணே இல்லை என்று அர்த்தமில்லை. 180 டன் காயும் 700 ஆள்நாளும் எடுக்கும் ஆலைக்கும் தீட்டா 1-தான் வரும். 'அ'-வைவிட 100 ஆள்நாள் கூடுதலாகப் போனது ஸ்லாக்கில்தான், அதாவது நிபந்தனையில் மிஞ்சி நிற்கும் அளவில்தான், தெரியும். பலரும் அந்தப் பத்தியைத் திறப்பதே இல்லை.

இந்த மதிப்பெண் ஆலைக்குச் சொந்தமில்லை, பட்டியலுக்குச் சொந்தம். 'அ'-வை நீக்குங்கள், 'இ' உடனே 1 ஆகிவிடும். 'அ'-வின் காயை 180-க்குப் பதில் 150 என்று தவறாகத் தட்டினால் 'இ' 0.87-க்கு இறங்கும். அதனால் 1 வாங்கிய ஆலைகளின் கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மின்சாரம், விறகு, தண்ணீர் என்று பத்திகளைக் கூட்டினால் மதிப்பெண்கள் ஏறுமே தவிர இறங்காது; கடைசியில் எல்லாரும் முதல் மார்க். உள்ளீடு, வெளியீடு எண்ணிக்கையைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். குறைந்தது அத்தனை ஆலைகளாவது வேண்டும்.

சின்ன ஆலையைத் தன் அளவுள்ள ஆலைகளோடு ஒப்பிட ஒரு வழி உண்டு: 1984-ல் பேங்கர், சார்ன்ஸ், கூப்பர் லாம்டாக்களின் கூட்டுத்தொகை 1 என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள். நியாயம்தான். ஆனால் ஏதாவது ஓர் உள்ளீட்டில் மற்ற எல்லாரையும்விடக் குறைவாக இருக்கும் ஆலை இதில் தானாகவே 1 வாங்கிவிடும். ஆகவே இரண்டு முறையிலும் ஓட்டி, 1978 முறையின் மதிப்பெண்ணை 1984 முறையின் மதிப்பெண்ணால் வகுத்துப் பாருங்கள். அளவால் வந்த குறை எவ்வளவு என்று பிரிந்துவிடும்.

காய்ப் பத்தியில்தான் தப்பு அதிகம். ஓர் ஆலை கேட்டில் லாரியோடு எடை எடுக்கும். இன்னொன்று பழுக்கவைத்து, அழுகலைக் கழித்தபின் எடுக்கும். பழுக்கும்போதே எடை குறையும் என்பதால் இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் கேட்டில் எடுப்பவருக்கு அநியாயம். பெங்களூராவையும் அல்போன்சாவையும் ஒரே கூழாக எண்ணக்கூடாது. இரண்டும் தனித்தனி வெளியீடு. பிரிக்ஸும் (கரைந்த திடப்பொருளின் சதவீதம்) கவனிக்க வேண்டும்: 28 பிரிக்ஸ் கான்சன்ட்ரேட் (நீரைக் குறைத்துக் கெட்டியாக்கிய கூழ்) 100 டன், 14 பிரிக்ஸ் கூழ் 200 டன்னுக்குச் சமம், இரண்டிலும் திடப்பொருள் 28 டன்தான். டன்னை மட்டும் போட்டால் கான்சன்ட்ரேட் ஆலை பாதி மார்க்கில் நிற்கும். காயை ரூபாயில் போடவும் வேண்டாம். விலை பேசத் தெரிந்தவரும் கூழ் எடுக்கத் தெரிந்தவரும் ஒரே எண்ணில் கலந்துவிடுவார்கள். ஃபாரலே இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்தார்.