பெண்ணையாற்றங்கரையில் ஓர் இடைகழி

திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகும் பலருக்குத் திருக்கோவிலூர் வழியில் வரும் ஒரு நிறுத்தம். தூரத்தில் பெரிய கோபுரம் தெரியும், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், வண்டி நகர்ந்துவிடும். இந்த ஊருக்கென்றே தனியாகக் கிளம்பி வந்து, இரவு தங்கி, ஆற்றின் இரு கரையிலும் நடக்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. முதலாழ்வார் மூவரும் சந்தித்த மண் இது. சங்கப் புலவர் கபிலர் தம் கடைசி நாட்களைக் கழித்த மண்ணும் இதுதான். இரண்டையும் ஒரே ஊரில் வைத்துப் பார்க்கக் கிடைப்பது சாதாரண பாக்கியமா?

ஊரை ஊராக்கியது ஆறு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கடந்து, சாத்தனூர் அணையில் தங்கி, இங்கே வந்து சேரும்போது அகலமான மணலாறாக விரிந்துவிடுகிறது. பிறகு கடலூர் அருகே கடலில் கலக்கிறது. தென்கரையில் திருக்கோவிலூர். வடகரையில் அரகண்டநல்லூர், அங்கே பாறைமேல் ஒரு சிவன் கோயில். திருக்கோவிலூர் என்று பெயர்ப்பலகை தாங்கிய ரயில் நிலையமும் வடகரையில்தான் இருக்கிறது. பழைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர் இது. 1993ல் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனோடு போயிற்று. அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே நின்றுவிட்டது. ஆக, இன்று பாலத்தைத் தாண்டினால் மாவட்டம் மாறுகிறது! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஊரில் இருந்தவர்கள் சுமார் 30 ஆயிரம் பேர். 2021ல் பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளைகிற கிராமங்கள். அந்தக் கிராமத்துச் சனங்கள்தான் கடைவீதியையும் கோயிலையும் நிறைக்கிறார்கள்.

உலகளந்த பெருமாள் கோயிலின் ராஜகோபுரம் 11 நிலை கொண்டது. 192 அடி உயரம். வீடும் கடையுமாக இருக்கும் தெருக்களுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. அதைக் கடந்து உள்ளே போகப் போக வெளிச்சம் குறைகிறது. கருவறை முன் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் திருமுகம் தெரியும். ஒரு திருவடி நிலத்தில் ஊன்றியிருக்க, மற்றது விண்ணை நோக்கி நீண்டிருக்கிறது. வலக்கையில் சங்கு, இடக்கையில் சக்கரம். மற்ற திவ்ய தேசங்களில் சேவித்துப் பழகிய கண்ணுக்கு இந்த மாற்றம் உடனே படும். மரத்தால் ஆன திருமேனி. அவ்வளவு பெரிய திருமேனியை அந்தச் சிறிய இடத்திலிருந்து ஒரே பார்வையில் சேவிக்க முடியவில்லை. முதலில் பாதம், பிறகு மார்பு, பிறகு முகம் என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்ணுக்குள் வருகிறார். பட்டர் தீபத்தை உயர்த்தியபடி, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ, பின்னாடி இருக்கறவாளும் சேவிக்கட்டும்" என்றார். எனக்கு முன்னால் நின்ற கிராமத்துப் பாட்டி பேத்தியை இழுத்து அணைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்.

இந்த ஊரின் கதையே நெருங்கி நின்ற கதைதான். காஞ்சிபுரத்தில் அவதரித்த பொய்கையாழ்வார், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தாழ்வார், மயிலையில் அவதரித்த பேயாழ்வார் மூவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒரு மழை இரவில் பொய்கையார் இங்கே மிருகண்டு முனிவரின் ஆசிரமத்து இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். வாசலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவே இருக்கிற ரேழி அது. சற்று நேரத்தில் பூதத்தார் வந்து இடம் கேட்டார். "ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம்" என்று பொய்கையார் எழுந்து உட்கார்ந்தார். பிறகு பேயார் வந்தார். "இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம்" என்று மூவரும் எழுந்து நின்றார்கள். வந்தவர் யார், என்ன குலம் என்று கேட்டதாகக் கதையில் இல்லை. மழையில் நனைந்து வந்திருக்கிறார், இடம் வேண்டும், அவ்வளவுதான். மூவர் நிற்பதற்கே போதாத அந்த இடத்தில் நாலாவதாக ஒருவர் நெருக்குவதை மூவரும் உணர்ந்தார்கள். கும்மிருட்டு. விளக்கு இல்லை.

விளக்கைப் பாட்டாலேயே ஏற்றினார்கள். "வையம் தகளியா வார்கடலே நெய்யாக, வெய்ய கதிரோன் விளக்காக" என்று பொய்கையார் உலகத்தையே அகலாக்கினார். "அன்பே தகளியா ஆர்வமே நெய்யாக, இன்புருகு சிந்தை இடுதிரியா" என்று பூதத்தார் உள்ளத்துக்குள் விளக்கேற்றினார். அந்த இரண்டு வெளிச்சத்திலும் பேயார் பார்த்துவிட்டார். "திருக்கண்டேன் பொன்மேனி கண்டேன்" என்று அவர் பாடல் தொடங்குகிறது. மூவரும் ஆளுக்கு நூறு வெண்பாவாகப் பாடிய மூன்று திருவந்தாதிகளும் நாலாயிர திவ்யப் பிரபந்தத்துக்கு விதையாயின. மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் என் மனம் பூதத்தாரிடம்தான் நிற்கும். சூரியனை விளக்காக்கிய பிறகும் ஏதோ குறைந்தது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே!

பொய்கையார் முதல் திருவந்தாதியில் இந்த ஊரை நேரே பாடுகிறார். "வாசல் கடைகழியா உள்புகா காமர்பூங் கோவல் இடைகழியே பற்றி இனி" என்கிறார். வாசலைத் தாண்டி வெளியே போகவில்லை, வீட்டுக்குள்ளும் புகவில்லை, தாயாரோடு இடைகழியையே பற்றிக்கொண்டு நின்றுவிட்டாயே என்று பெருமாளைப் பார்த்துச் சொல்கிறார். மூவுலகையும் ஈரடியில் அளந்தவன் ஒரு ரேழியில் மூன்று அடியார்களோடு நெருக்கிக்கொண்டு நிற்பதை நினைத்தபோது அந்தச் சன்னிதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. துளசியும் தீர்த்தமும் வாங்கிக்கொண்டு பூங்கோவல் நாச்சியாரையும் சேவித்தேன். இந்தக் கோயிலில் துர்க்கைக்கும் சன்னிதி உண்டு. வைணவக் கோயிலில் துர்க்கையா என்று வியப்பவர்களுக்குத் திருமங்கையாழ்வாரே பதில் சொல்லியிருக்கிறார். திருநெடுந்தாண்டகத்தில், "விந்தம் மேய கற்புடைய மடக்கன்னி காவல் பூண்ட" ஊர் என்று அவளைக் காவல்தெய்வமாகவே பாடுகிறார்.

அதே பாட்டில் "மலையரையன் பணிய நின்ற பூங்கோவலூர்" என்றும் வருகிறது. இந்த வட்டாரத்தை ஆண்ட மலையமான்கள் சங்க காலத்திலேயே புகழ்பெற்றவர்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் ஊர் இது. அவர்கள் வெளியிட்ட காசுகள் இந்த ஆற்று மணலிலேயே கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் குதிரை, மறுபக்கம் மலையும் ஆறும். காரியைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. "வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே" என்கிறார். அள்ளிக் கொடுப்பது சுலபம், யாருக்கு என்ன தகுதி என்று அறிந்து கொடுப்பதுதான் கடினம் என்று ஒரு வள்ளலிடமே சொல்வதற்கு எவ்வளவு உரிமை வேண்டும்! அந்தக் காரியைப் போரில் வென்று கோவலூரை அழித்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுடைய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இதே வட்டாரத்தில் ஜம்பை என்னும் சிற்றூரின் பாறையில் 1981ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே வரிதான் அது; "அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி" என்று முடிகிறது. துறவிகள் தங்குவதற்குக் குகையைக் கொடுத்த செய்தி. ஊரை அழித்தவனின் பெயரும் இங்கே ஒரு கொடையில்தான் தங்கியிருக்கிறது.

மெய்ப்பொருள் நாயனாரும் இந்த ஊரில் இருந்து ஆண்டவர்தான். போரில் வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன் திருநீறு பூசி, ஓலைச்சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்து, சிவனடியார் வேடத்தில் வந்து குத்தினான். காவல் நின்ற தத்தன் வாளை ஓங்கியபோது, விழுந்துகிடந்த மன்னர் "தத்தா, நமர்" என்று தடுத்தார். அடியார் வேடம் தாங்கிவிட்டான், இனி அவன் நம்மவன், ஊரெல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்றார். தத்தன் திரும்பி வந்து விட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகே உயிர் பிரிந்தது. இந்த வரலாற்றைச் சிறுவயதில் கேட்டபோது நாயனார் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. இந்த ஊரில் நின்று நினைக்கும்போது வேறு மாதிரி இருந்தது.

அடுத்து கீழூர். ஊரின் ஒரு பகுதிதான் அது. அங்கே ஆற்றங்கரையில் வீரட்டேஸ்வரர் கோயில். சிவன் வீரச் செயல் புரிந்த எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று, அந்தகாசுரனை இறைவன் வதம் செய்த தலம். அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். பெருமாள் கோயிலின் கூட்டம் இங்கே இல்லை. குருக்கள் நிதானமாக அர்ச்சனை செய்து விபூதி கொடுத்தார். இங்குள்ள கணபதிதான் ஔவையாரைத் துதிக்கையால் தூக்கிக் கயிலாயத்தில் சேர்த்தவர் என்று தலவரலாறு சொல்கிறது. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை போகிறார்கள் என்று தெரிந்தும் ஔவை பூசையை அவசரப்படுத்தவில்லை. விநாயகர் அகவலைப் பாடி நிதானமாக முடித்தாராம். அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தும் விட்டாராம்.

இந்தக் கோயிலில் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. தமிழ் படித்தவர்கள் யாரும் அதைக் கும்பிடாமல் போகக் கூடாது என்பேன். இராசராசனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவர் சுந்தர சோழர் மறைந்தபோது பால்குடிக் குழந்தையையும் பிரிந்து அவள் தீயில் புகுந்ததை அந்தக் கல்வெட்டு பாட்டாகவே சொல்கிறது. அதற்குள்ளேயே கபிலர் வருகிறார். "செஞ்சொற் கபிலன்" தன்னிடம் அடைக்கலமாக வந்த பாரியின் பெண்ணை மலையர்க்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்று நடுவில் தீப்புகுந்தான், அந்தக் கல்தான் கபிலக்கல் என்கிறது. தந்தையும் பறம்பு மலையும் போனபின், "அற்றைத் திங்கள் அவ்வெண்ணிலவில்" என்று அழுத அந்த மகளிருக்காகக் கபிலர் எத்தனை வாசல் ஏறி இறங்கினார் என்பதைப் புறநானூறு சொல்கிறது. அவர் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு நோற்று, உயிர் நீத்தார் என்பது சங்க இலக்கிய மரபு. தீயில் பாய்ந்தார் என்பது கல்வெட்டு. எப்படியானாலும், தோழனின் பிள்ளைகளுக்கு இடம் தேடிக் கொடுத்த பிறகே தமக்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டார்.

அந்தப் பாறை ஆற்றுக்குள் இன்றும் நிற்கிறது; கபிலர் குன்று என்கிறார்கள். மேலே செங்கல்லில் கட்டிய சிறு கோயில். தண்ணீர் குறைவாக இருந்ததால் பக்கத்தில் போய்த் தொட்டுக் கும்பிட முடிந்தது. மணல் சுட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வெள்ளத்துல எத்தினியோ போச்சி சாமி, இது மட்டும் அசையல" என்றார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்ட அந்த வெள்ளத்தைத்தான் சொன்னார். கரையோரத்து மக்கள் அதைப் பற்றிப் பேசும்போது இன்னும் குரல் மாறுகிறது. ஆறு அவர்களுக்குத் தெய்வமும்தான், பயமும்தான். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரை ஊர்களில் சாமிகளைத் தூக்கிக்கொண்டு அதே ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி கொடுக்கிறார்கள்.

மாலையில் பாலம் தாண்டி அரகண்டநல்லூர் போனேன். தேவாரத்தில் இது அறையணிநல்லூர். பாறைமேல் இருக்கும் அதுல்யநாதேஸ்வரர் கோயிலுக்குப் படி ஏறி, திரும்பிப் பார்த்தால் ஆறும் எதிர்க்கரையும் முழுதாகத் தெரிகின்றன. சம்பந்தர் இங்கிருந்துதான் அண்ணாமலையைக் கண்டு வணங்கினார் என்கிறது பெரியபுராணம்.

1896 ஆகஸ்ட் கடைசியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் மாம்பழப்பட்டு வரை ரயிலில் வந்து, அதற்குமேல் காசில்லாமல் நடந்து இந்தக் கோயிலுக்கு வந்தான். மதுரையிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பிய வேங்கடராமன். பிற்காலத்தில் பகவான் ரமண மகரிஷி. இந்த மண்டபத்தில் உட்கார்ந்தபோது பேரொளி ஒன்று பரவியதைக் கண்டார். பூசை முடிந்து சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார், இல்லை என்றார்கள். கீழூர்க் கோயிலில் கிடைக்கலாம் என்று அவர்களோடு ஆற்றைத் தாண்டி வந்தார். அங்கேயும் இல்லை என்ற பதில்தான். அப்போது கோயில் மேளக்காரர் குறுக்கிட்டு, என் பங்குச் சோற்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்றார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சோறு போட்டார்கள். காதுக் கடுக்கனை ஈடாக வைத்துக்கொண்டு நாலு ரூபாய் கொடுத்து, வழிக்குப் பலகாரமும் கட்டிக் கொடுத்தார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி காலை அவர் ரயிலில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் உலகளந்த பெருமாளைச் சேவித்துவிட்டு, வெயில் ஏறுமுன் கீழூருக்கும் கபிலர் குன்றுக்கும் போய்விடுங்கள், நிழல் கிடையாது. ஆற்றில் தண்ணீர் ஓடினால் கரையிலிருந்தே கும்பிடுங்கள், இறங்க வேண்டாம். அரகண்டநல்லூரை மாலைக்கு வைத்துக்கொண்டால் அங்கிருந்தே ரயிலைப் பிடிக்கலாம். கீழூரில் சுவாமிக்கு அர்ச்சனை செய்யும்போது அந்த மேளக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.