போக்கர் மேசையில் கூட்டுக் களவு: கேமரா அறையிலிருந்து பார்த்தவை

கோவாவில், பணஜியை ஒட்டி மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல் கேசினோ ஒன்றில் முதலில் சீட்டுப் போடும் டீலராகவும் பிறகு கண்காணிப்பு அறையிலும் வேலை பார்த்தேன். ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "சீட்டை மாற்றிப் போட்டு ஏமாற்றுவார்களாமே, உண்மையா?" போக்கரைப் பொறுத்தவரை நான் பார்த்த ஏமாற்று வேலைகளில் பெரும்பாலானவற்றில் சீட்டு சுத்தமாகத்தான் இருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் ஒரே பணத்தில் ஆடுகிறவர்கள். மற்றவர்களுக்கு அது தெரியாது.

சீட்டில் கை வைப்பது ஏன் கடினம் என்பது டீலர் பயிற்சிக்குப் போனால் புரியும். அங்கே சொல்லித் தரும் ஒவ்வொரு அசைவுக்குப் பின்னாலும் ஒரு பழைய திருட்டு இருக்கிறது. புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்ததும் சீட்டுகளை மேசையில் குப்புறப் பரப்பி இரண்டு கையாலும் அளைந்து கலக்க வேண்டும். முன்கூட்டியே அடுக்கிவைத்த கட்டை உள்ளே நுழைக்க முடியாமல் செய்வதற்காக. வெட்டிய பிறகு கட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் அட்டை வைப்போம்; அடிச்சீட்டு யார் கண்ணிலும் படக்கூடாது. நடுவில் பொதுச்சீட்டுகளைத் திறக்கும் முன் மேல்சீட்டை ஒதுக்கிவிடுவோம், அதற்கு 'பர்ன்' என்று பெயர். மேல்சீட்டில் யாராவது நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்தாலும், அதைக் கண்டுகொண்டவருக்குப் பயன் கிடைக்காது. மேசையை விட்டு எழும்போது கையைத் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் எல்லாமே சீட்டையும் டீலரையும் காவல் காக்கும் ஏற்பாடுகள். ஆடுகிறவர்களுக்குள் இருக்கும் உறவை எந்த அட்டையாலும் மறைக்கவும் முடியாது, காட்டவும் முடியாது.

அது எப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு ஆட்டத்தைச் சொல்கிறேன். டெக்சஸ் ஹோல்டெம்: ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. கூட்டாளிகள் இருவர், நடுவில் வெளியூர்க்காரர் ஒருவர். பொதுச்சீட்டில் முதல் மூன்று ராஜா, எட்டு, மூன்று. வெளியூர்க்காரர் கையில் ராஜாவும் ராணியும்; நல்ல கைதான். அவருக்கு வலப்பக்கம் இருந்தவர் சின்னதாகக் கட்டினார். இவர் சரிக்குச் சரி கட்டினார். இடப்பக்கத்து ஆள் சட்டென்று பெரிதாக ஏற்றினார். வலப்பக்கத்து ஆள் கொஞ்சம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டுக் கட்ட, நடுவில் மாட்டியவரும் ராஜா ஜோடியை விட மனமில்லாமல் கட்டினார். நான்காவது சீட்டிலும் இதே கதை. ஐந்தாவது சீட்டு திறந்தது. வலப்பக்கத்து ஆள் மிகச் சிறிய தொகை ஒன்றைக் கட்டினார், இவரும் கட்டினார். அதுவரை ஏற்றி ஏற்றி அடித்துக்கொண்டிருந்த இடப்பக்கத்து ஆள் அந்தச் சிறு தொகைக்குச் சீட்டைக் கவிழ்த்து விட்டுவிட்டார். வலப்பக்கத்து ஆள் ராஜா ஜோடியை வெல்லும் மூன்று எட்டுகளைக் காட்டினார்.

இடப்பக்கத்து ஆள் கையில் ஒன்றும் இருந்திருக்காது. தன் கூட்டாளிக்கு நல்ல கை வந்தது அவருக்குத் தெரியும், அதனால் நடுவில் சேரும் மொத்தப் பந்தயப் பணத்தை, அதாவது 'பாட்'டை, ஊதிப் பெருக்கினார். சீட்டின் மேல் ஒரு சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) எந்தப் பக்கம் வைக்கிறார்கள், கோப்பையை எந்தக் கையால் எடுக்கிறார்கள் என்பது போன்ற அற்ப விஷயங்களில் அந்தச் சேதி போய்விடும். பல கேசினோக்களில் ஒரு விதி உண்டு: கடைசிவரை பணம் கட்டி நின்ற கையை, கூட்டு சேர்ந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், மேசையில் இருக்கும் எவரும் திறந்து காட்டச் சொல்லலாம். கூட்டாளிகளுக்கும் அந்த விதி அத்துப்படி. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் சீட்டை விடுகிறார்கள். விட்ட சீட்டு குவியலுக்குள் போனால் போனதுதான். கூரையில் இருக்கும் கேமராவுக்கும் கைச்சீட்டு தெரியாது, ஏனென்றால் ஆடுகிறவர் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்ப்பார்.

ஒரு ஆட்டத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. கண்காணிப்பில் நாங்கள் செய்ய முடிந்தது பல இரவுகளின் பதிவை வரிசையாகப் போட்டுப் பார்ப்பது. தனித்தனியாக வந்து, ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் உட்காருவார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி எடுக்க மாட்டார்கள், நடுவில் ஆள் வேண்டும். மற்றவர்கள் எல்லாம் விலகி அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினால் திடீரென்று பெட் நின்றுவிடும். இரண்டு பேரும் பணம் கட்டாமல் மேசையைத் தட்டித் தட்டிக் கடைசிச் சீட்டுவரை சும்மா போவார்கள். தங்கள் பணத்தைத் தங்களுக்குள்ளேயே சுற்றவிடுவதில் என்ன லாபம்? அந்த இடத்தில்தான் எனக்கு முதலில் பொறி தட்டும்.

சரி, கண்டுபிடித்த பிறகு என்ன ஆனது? இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பிளாக்ஜாக்கிலோ பக்காராவிலோ ஒருவர் ஏமாற்றினால் போவது கேசினோவின் பணம். நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். போக்கரில் கேசினோ ஆடுவதில்லை. யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு 'பாட்'டிலிருந்தும் 'ரேக்' என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. திருடர்கள் ஜெயித்தாலும் அந்தப் பங்கு வரும். நான் குறிப்பெழுதிக் கொடுத்தபோது மேலே இருந்தவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "இவங்க வரலைன்னா வார நாள்ல அந்த டேபிளே ஓடாது" என்றார். அவர்களில் ஒருவரை வேறு மேசைக்கு மாற்றி உட்காரவைத்ததோடு நடவடிக்கை முடிந்தது. இது தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். விருந்தாளியின் பணம் தன் கூரையின் கீழ் களவு போகும்போது, அது என் பணமில்லை என்று ஒரு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

வெளியே நடந்த வழக்குகளிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். 2011இல் பிரான்சின் கான் நகரில் 'லே பிரின்ஸ்' கேசினோவில் ஒரு இத்தாலியக் கும்பல் ஸ்டட் போக்கர் ஆடியது. அது கேசினோவுக்கு எதிராக ஆடும் வகை. உள்ளே வேலை செய்த ஒருவர் உதவியோடு சீட்டுகளின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத மையில் குறியிட்டு, அதைக் காட்டும் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு வந்து, ஒரே இரவில் 71,000 யூரோ அள்ளினார்கள். ஜெயித்ததைவிட அவர்களைக் காட்டிக்கொடுத்தது வேறொன்று: நல்ல கை இருக்கும்போது, யாரும் விடாத இடத்தில், ஆட்டக்காரர் சீட்டை விட்டார். எதிரே டீலரின் கை தெரிந்திருந்தால் மட்டுமே அப்படி விட முடியும். இரண்டே மாதத்தில் மறுபடி வந்தபோது பிடித்தார்கள். 2013இல் தண்டனையும் கிடைத்தது.

2007இல் அப்சல்யூட் போக்கர் என்ற இணையத் தளத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஒரு கணக்குக்கு எல்லோருடைய கைச்சீட்டும் தெரிந்தது. ஒரு போட்டியின் கடைசி ஆட்டத்தில் அந்தக் கணக்குக்காரர் ஜோடி எதுவும் சேராத வெறும் பத்தை வைத்துக்கொண்டு எதிராளியின் மொத்தப் பணத்துக்கும் ஈடு கட்டினார். எதிராளியிடம் இருந்தது ஒன்பது. எதிராளியின் சீட்டு தெரிந்தால் ஒழிய யாரும் அந்த இடத்தில் கட்ட மாட்டார்கள். அதைத் தோண்டித் துருவி வெளியே கொண்டுவந்தவர்கள் ஆட்டக்காரர்களேதான். போனது அவர்கள் பணம் அல்லவா.

2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாஃபியா குடும்பங்களைத் தொடர்புபடுத்தி வந்த வழக்குக்குப் பிறகு எல்லோரும் என்னிடம் சீட்டைக் கலைக்கும் இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது கேசினோவில் நடந்ததல்ல, தனியார் இடங்களில் நடந்த ஆட்டங்கள். முன்னாள் விளையாட்டு வீரர்களைக் காட்டிப் பணக்காரர்களை மேசைக்கு இழுத்து, 70 லட்சம் டாலருக்கு மேல் கறந்தார்கள் என்கிறது அரசுத் தரப்பு. கலைக்கும் இயந்திரத்துக்குள் கேமரா இருப்பதே 52 சீட்டும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்காக. டெக்மேட் 2 என்ற இயந்திரத்தின் யுஎஸ்பி துளை வழியே புகுந்து அந்தக் கேமரா பார்ப்பதைத் திருட முடியும் என்று 2023இல் பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருந்தார்கள். ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையில் எனக்குப் பழகிய பகுதி ஒன்று இருக்கிறது. இயந்திரம் படித்த சேதி வெளியே இருந்த ஒருவருக்குப் போய், அவரிடமிருந்து போன் வழியாக மேசையில் இருந்த ஒருவருக்கு வந்து, அவர் சிப்பைத் தொட்டும் முகவாயைத் தடவியும் மற்றவர்களுக்குச் சொன்னாராம். எவ்வளவு பெரிய தொழில்நுட்பம் வந்தாலும் கடைசியில் மேசையில் ஒரு கூட்டாளி உட்கார்ந்தாக வேண்டும்.

2020 பிப்ரவரி முதல் உள்ளூர்க் கோவாக்காரர்களுக்குக் கேசினோவில் அனுமதி இல்லை. வருகிறவர்கள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை ஆட்கள். சனி, ஞாயிறு ஆடிவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். தோற்றதை விதி என்று நினைத்துப் புகாரே சொல்வதில்லை. கூட்டாளிகளுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? டீலராக இருந்த காலத்தில், நான் தமிழ் என்று தெரிந்ததும், கொங்குப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இடைவேளையில் மெதுவாகக் கேட்டார், "ஏந்தம்பி, இந்த டேபிள் நல்ல டேபிள்தானுங்களா?" வேலை விதிப்படி டீலர் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. "ஃப்ளோர் மேனேஜரைக் கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். வேலையில் இல்லாத இன்று அவருக்குச் சொல்ல முடிந்தது இதுதான்: உங்களுக்கு இருபுறமும் இருப்பவர்கள் மாறி மாறி ஏற்றி, அதில் ஒருவர் கடைசிச் சிறு பெட்டுக்குச் சீட்டை விடுவது ஒருமுறைக்கு மேல் நடந்தால் எழுந்து வேறு மேசைக்குப் போங்கள். போகும் முன் ஃப்ளோர் மேனேஜரைக் கூப்பிட்டு, நேரத்தையும் மேசை எண்ணையும் சொல்லி, புகாராக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் கண்காணிப்பு அறைக்குத் தகவல் வரும், அந்தப் பதிவை எடுத்துத் தனியாக வைப்பார்கள். சும்மா விட்டால் கொஞ்ச நாளில் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். ஊருக்குப் போய் யோசித்து மெயில் போடலாம் என்று தள்ளிப்போடாமல் அந்த இரவே சொல்லுங்கள்.