மேடத்தின் மேற்கோள் கணக்கைத் தொகுத்தபோது

எங்கள் ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய்கள்) துறைப் பேராசிரியரை ஒரு விருதுக்குப் பரிந்துரைக்கலாம் என்று முடிவானதும், அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் கணக்கைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. படிவத்தில் மொத்தக் கட்டுரைகள், மொத்த மேற்கோள்கள் (மற்ற ஆய்வுக் கட்டுரைகள் அவற்றை எத்தனை தடவை சுட்டியிருக்கின்றன என்ற எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் ஆகியவற்றைக் கேட்டிருந்தார்கள். பார்ப்பதற்குச் சின்ன வேலைதான், ஆனால் நாள் பிடிக்கும். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் சிக்கல் பெயர். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியல். பல வெளிநாட்டு இதழ்களின் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். அதனால் மேடத்தின் பெயர் சில கட்டுரைகளில் இனிஷியலோடும், சிலவற்றில் அப்பாவின் முழுப் பெயரோடும், கல்யாணத்துக்குப் பிறகு வந்தவற்றில் கணவர் பெயரோடும் இருந்தது. மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளம் ஒன்று அவரைத் தனித்தனி ஆட்களாகவே பதிந்து வைத்திருந்தது.

இது எச்-இண்டெக்ஸை நேரடியாகப் பாதிக்கும். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு அது. ஒருவருடைய எச்-இண்டெக்ஸ் 20 என்றால், தலா 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 20 இருக்கின்றன என்று பொருள். கட்டுரைகள் பல ப்ரொஃபைல்களில் சிதறியிருந்தால் ஒவ்வொன்றிலும் எண் சிறுத்துவிடும். அவற்றை அப்படியே கூட்டிச் சரியான எண்ணைப் பெறவும் முடியாது.

அதனால் தரவுத்தளத்தை நம்பித் தொடங்காமல், மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தையும் துறை அலமாரியில் இருந்த பழைய பிரதிகளையும் வைத்து எங்கள் பட்டியலை முதலில் தயார் செய்தோம். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தார். அப்புறம் அவருக்கு ஆர்கிட் எண் வாங்கினோம். 2012 முதல் ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க அடையாளம் அது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. கட்டுரைகளை அதில் இணைத்துவிட்டு, ப்ரொஃபைல்களை ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பித்தோம். கொஞ்சம் காத்திருந்தபின் ஒன்றானது.

எண்கள் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதையும் சொல்ல வேண்டும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (இதழில் வருமுன்பே இணையத்தில் போடும் வடிவங்கள்) எல்லாவற்றிலும் வரும் மேற்கோள்களை எண்ணும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தேர்ந்தெடுத்த வெளியீடுகளையே எடுத்துக்கொள்ளும். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சுயமேற்கோள்களை, அதாவது ஒருவர் தன் கட்டுரையைத் தானே சுட்டியவற்றை, கழித்த எண்ணையும் தனியாகக் கொடுங்கள்.

“நம்பரை மட்டும் போட்டு அனுப்பிடாதம்மா. யார் எதுக்காக நம்ம பேப்பரை எடுத்திருக்காங்கன்னு பாரு” என்றார் மேடம். அந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற வேறுபாடு எங்கள் துறையில் பெரியது. முடக்குவாதத்தை (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோயை) வகைப்படுத்தும் 2010-ஆம் ஆண்டின் அமெரிக்க-ஐரோப்பிய அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 10-க்கு 6 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் முடக்குவாதம் என்று வகைப்படுத்தும் முறை அது. நோயாளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று எழுதும்போது அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மேற்கோள் தானாகக் குவியும். (அது ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களில் வெளியானதால் அந்த மேற்கோள்களும் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன.) ஒரு மருத்துவமனை நோயாளிகளைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து எழுதிய கட்டுரையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

2006-இல் இந்தியாவில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் மூட்டுவலியோடு வந்தவர்களைப் பற்றி மேடம் எழுதியிருந்தார். முடக்குவாதம் போலவே தோன்றும் வீக்கம் பற்றிய கட்டுரை. பல வருஷம் அதை அதிகம் பேர் சீண்டவில்லை. 2013 கடைசியில் வைரஸ் கரீபியன் தீவுகளுக்குப் போய், அடுத்த ஆண்டு பிரேசிலிலும் பரவத் தொடங்கியது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மருத்துவர்களின் கட்டுரைகளில் மேடத்தின் பெயர் வரிசையாக வருகிறது. சிலர் முன்னுரையில் ஒரு வரியோடு கடந்துபோகிறார்கள். சிலரோ அவருடைய நோயாளிகளைத் தங்கள் நோயாளிகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது.

அப்படிப்பட்ட கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, யார் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். படிவத்தில் அதற்கு இடமில்லை. பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பினோம். இப்போது எங்கள் துறையில் புதிதாகச் சேரும் மாணவர்கள் முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே ஆர்கிட் எண் வாங்கிவிடுகிறார்கள். பெயரை எந்த வடிவத்தில் எழுதுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொள்ளச் சொல்கிறோம்.