டெட்ராஹைமெனாவில் சென்ட்ரினைப் பார்க்க மூன்று வாரம்

ஆய்வகத்தில் மேடம் சொன்னபோது சுலபமாகத்தான் பட்டது. டெட்ராஹைமெனா என்ற ஒரு செல் உயிரியை எடு, சென்ட்ரின் என்ற புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடி போடு, படம் எடு.

நம் செல்களில் சட்டகம் போல ஓடும் மெல்லிய குழாய்களான நுண்குழல்களுக்கு சென்ட்ரோசோம் என்று ஒரு மையம் உண்டு. இந்த ஒரு செல் பிராணிக்கு அப்படி ஒன்று கிடையாது. மேலுறையை ஒட்டி வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான பேசல் பாடிகள்தான். மும்மூன்றாக ஒட்டிய நுண்குழல்கள் ஒன்பது கட்டு சேர்ந்த உருளை ஒவ்வொன்றும். நீந்த உதவும் மயிரிழை போன்ற சிலியா முளைப்பது அதன் மேல். சென்ட்ரின் புரதம் அங்கேதான் குடியிருக்கிறது. அது இல்லாவிட்டால் பேசல் பாடிகள் திசை தவறும், நிலைக்கவும் செய்யாது.

சென்ட்ரிஃபியூஜில் சுற்றியதும் செல்கள் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தன. பாக்டீரியா வளர்த்த பழக்கத்தில் குழாயை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் பேனா தேடப் போனேன். வந்து பார்த்தால் அடி காலி, மேலே கலங்கல். உயிரோடுதானே இருக்கின்றன, நீந்திக் கிளம்பிவிட்டன. புத்தி வருவதற்குள் இரண்டு தடவை பாதி செல்களை சிங்க்கில் கொட்டியாயிற்று.

அப்புறம் பஃபர், அதாவது செல்களைப் பதப்படுத்தும் கரைசல். டிரைட்டான் சவ்வைக் கரைக்கும், ஃபார்மால்டிஹைடு மிச்சத்தை அப்படியே நிறுத்தும். இடையில் கால்சியம் நுண்குழல்களைக் கலைத்துவிடாமல் அதைப் பிடித்துவைக்கத்தான் ஈஜிடிஏ. அந்தப் பொடி வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஹெச் 8 பக்கம் வந்ததும்தான் பால் போன்ற கலங்கல் பளிச்சென்று தெளியும். நான் அவசரப்பட்டுக் கலங்கலோடு வடிகட்டினேன். ஈஜிடிஏ பெரும்பாலும் வடிதாளிலேயே தங்கிவிட்டது. அதனாலோ, டிரைட்டானில் கூடுதல் நேரம் விட்டதாலோ, ஸ்லைடில் கிடந்ததெல்லாம் கூழ்.

சென்ட்ரினில் ஒட்டும் முதல் ஆன்டிபாடி, கழுவல், அதன்மேல் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் இரண்டாவது ஆன்டிபாடி, மறுபடி கழுவல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காத்திருப்பதுதான் வேலை.

மூன்றாம் வாரம், இருட்டறை. ஃபோகஸைத் திருப்பத் திருப்ப, செல்லின் தலையிலிருந்து வால் வரை பச்சைப் புள்ளிகள் பாசிமணி கோத்ததுபோல் வந்தன. மொத்தம் 18 முதல் 21 வரிசை இருக்கும் என்பார்கள். ஒரு பக்கம்தான் தெரியும் என்பதால் என்னால் பத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. சில இடங்களில் ஒரு புள்ளிக்கு நேர் முன்னால், ஒட்டினாற்போல், இன்னொரு குட்டிப் புள்ளி. பழைய பேசல் பாடிக்கு முன்னால் புதியது பிறந்திருக்கிறது! படிப்பது வேறு, பார்ப்பது வேறு.

ஓடிப்போய் மேடத்திடம் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. சரி, ரெண்டாவது ஆன்டிபாடி மட்டும் போட்ட கண்ட்ரோல் எங்கே?"

வைக்கவில்லை. அது இல்லாமல் இந்தப் பச்சை சென்ட்ரினால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. அன்றைக்கே மறுபடி செல் வளர்க்கப் போட்டேன்.